ஹாஃப்கட் இன்ஜினா, கேஸ்கட்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டச் சாலையிலேயே இருபது ஆண்டுகள் ஓடிய என் கார், வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் ரேடியேட்டர் நீரைக் குடித்து, மேடேறும்போதெல்லாம் சூடேறியது. தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டரையும் மாற்றியது வீண் செலவு. பட்டறையில் 2,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஹாஃப்கட் இன்ஜின், அதாவது பாதியாக வெட்டி இறக்குமதியான பழைய காரின் இன்ஜின், போடச் சொன்னார்கள். காரை விற்றாலே அவ்வளவு தேறாது. ஆறு நாள் அலைந்தபின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியபோது, ஓரத்து இரண்டும் பழுப்பேறியிருக்க, நடுவிலிருந்த இரண்டும், உள்ளே புகுந்த நீர் ஆவியாகிக் கழுவி வைத்ததுபோல் வெளுத்திருந்தன. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையிலும் அந்த நடு சிலிண்டர்கள் மட்டும் 90 பிஎஸ்ஐக்கு இறங்கியிருந்தன. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து அழுத்தத்தை ஏற்றும். ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் ஊற்றிய பின்னும் அளவு ஏறாததால், தேய்ந்தது பிஸ்டன் ரிங் அல்ல, அந்த இரு சிலிண்டர்களுக்கு இடையே ஹெட் கேஸ்கட்தான் (இன்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) எரிந்திருக்கிறது என்று தெளிந்தேன். ஹெட்டைச் சமன்செய்து கேஸ்கட் மாற்ற 750 வெள்ளி ஆனது. இரண்டு மாதமாக நீர் குறையவில்லை, நிம்மதி.