பரணில் கிடந்த லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: முதலில் பென்டிரைவில், அப்புறம் ஹார்டு டிஸ்க்கில்

தங்கச்சி பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா லேப்டாப், எங்கள் வீட்டுப் பரணில் பித்தளைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் கிடந்தது. ஆன் செய்தால் விண்டோஸ் 7-ஆ, பாஸ் லினக்ஸா (இந்தியாவில் செய்த லினக்ஸ் இயங்குதளம்) என்று கேட்கும். வீட்டில் யாரும் இரண்டாவது வரியைத் தொட்டதில்லை. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. 2023-ல் குரோமும் அதைக் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அது கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் அந்தக் காலத்து லேப்டாப்பில் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி, "பழசா ஒரு கம்ப்யூட்டர் கெடந்தா சொல்லுடே. கணக்கு எழுதணும், லெட்டர் அடிக்கணும், வேறென்ன" என்றார். அவருக்காக, விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிற லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மின்ட்டைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. மெனு இடதுபக்கக் கீழ் மூலையில் இருக்கும், விண்டோஸில் பழகிய கை தடுமாறாது. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, காசு கிடையாது, 22-ஆம் வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். மின்ட் மூன்று வடிவங்களில் கிடைக்கும், அவற்றில் பழைய மெஷினுக்கு ஏற்றது எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான வடிவம். பிராசசர் 64 பிட்டா என்று மட்டும் முதலில் பாருங்கள், 32 பிட் என்றால் இது ஏறாது. ரேம் 2 ஜிபி போதும் என்று எழுதியிருக்கும். பிரவுசரில் நாலு டேப் திறந்தால் அது எவ்வளவு போதும் என்று தெரிந்துவிடும். நான் வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் கொடுத்து 4 ஜிபி ஆக்கினேன். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி போட்டால் இன்னும் பறக்கும், அண்ணாச்சிக்குத்தான் மனசு வரவில்லை.

பென்டிரைவ் தயார் செய்வது

மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை, அதாவது முழு மின்ட்டும் அடங்கிய ஒற்றை ஃபைலை, இறக்குங்கள். கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். தினம் 1.5 ஜிபி தருகிற மொபைல் பேக்கை நம்பி உட்காராதீர்கள், ஃபைபர் இருக்கிற வீட்டில் போய் இறக்குவது உத்தமம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று வேண்டும், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். விண்டோஸ் ஓடுகிற வேறொரு கம்ப்யூட்டரில் ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளைத் திறந்து, பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் காட்டி, ஸ்டார்ட் கொடுங்கள். பழைய பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற மென்பொருள்) மெஷின் என்றால், டிஸ்க்கைப் பிரிக்கும் முறையைக் கேட்கிற பார்ட்டிஷன் ஸ்கீமில் எம்பிஆர் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் ஏதாவது கேட்டால் அது பரிந்துரைப்பதையே ஒப்புக்கொள்ளுங்கள்.

போடாமலேயே ஓட்டிப் பார்ப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். தாமிரபரணிப் படித்துறையில் புதுசாக இறங்குகிறவன்கூட ஒரு காலை வைத்து இழுப்பைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போவான்.

லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்12-ஐ விடாமல் தட்டுங்கள். சில கம்பெனிகளில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். வருகிற பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் முழுசாகத் திறந்துவிடும். ஹார்டு டிஸ்க்கில் எதுவும் மாறாது. பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாக இருக்கும், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இப்போதே வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பேங்க் தளம் திறக்கிறதா என்று பாருங்கள். பிரிண்டரைக் கட்டாயம் செருகிப் பாருங்கள். ஹெச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் செருகியதும் தெரிந்துவிடும். எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் இருந்த ஒரு சின்ன லேசர் பிரிண்டரோ ஒரு சாயங்காலம் முழுக்க என் உயிரை எடுத்தது, கடைசிவரை ஒரு தாள்கூட வரவில்லை.

டாலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு பார்க்கிறவர்கள் இங்கேயே நின்று யோசியுங்கள். அது விண்டோஸுக்கென்று செய்யப்பட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாக ஓட்டலாம் என்பார்கள், கடைக் கணக்கை அந்த நம்பிக்கையில் விட நான் துணிய மாட்டேன். அவர்களுக்கு விண்டோஸும் கூடவே இருக்கட்டும். அண்ணாச்சி நோட்டில் எழுதுகிற ஆள் என்பதால் எக்செல் மாதிரியான லிப்ரே ஆபீஸ் கால்க் போதுமாக இருந்தது.

ஹார்டு டிஸ்க்கில் போடுவது

முதலில் பேக்கப். போட்டோ, ரேஷன் கார்டு ஸ்கேன், எல்லாம் வேறொரு டிஸ்க்குக்குப் போகட்டும். விண்டோஸை வைத்துக்கொள்பவர்கள் அது சீக்கிரம் திறப்பதற்காக வைத்திருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மின்ட்டிலிருந்து விண்டோஸ் டிரைவில் எதையும் எழுத முடியாமல் போகலாம். புது லேப்டாப்பில் டிஸ்க்கைப் பூட்டுகிற பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெகவரி கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பென்டிரைவில் மின்ட் ஓடும்போதே முகப்பில் இன்ஸ்டால் ஐகான் தெரியும். மொழி, கீபோர்டு கேட்கும், பாட்டு, வீடியோ ஓடத் தேவையான மல்டிமீடியா கோடெக் வேண்டுமா என்று கேட்கும், டிக் செய்யுங்கள். அடுத்து வரும் திரையில்தான் கையை எடுத்துவிட்டு இரண்டு தடவை படிக்க வேண்டும். விண்டோஸுக்குப் பக்கத்தில் போடு என்பது ஒரு வரி, டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடு என்பது இன்னொரு வரி. முதல் தடவை வேறொரு மெஷினில் நான் அவசரத்தில் இரண்டாவதை அழுத்தி, அக்கா வளைகாப்பு போட்டோ மொத்தத்தையும் இழந்தேன். அக்கா இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுவாள். பக்கத்தில் போடுவதானால் நடுக்கோட்டை இழுத்து மின்ட்டுக்கு 100 ஜிபி விடுங்கள். பிறகு பெயர், பாஸ்வேர்டு, அவ்வளவுதான்.

தமிழில் தட்டுவது

சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற, தமிழ் போன்ற மொழிகளைத் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருளைத் தேடிப் போடுங்கள். பிறகு மெனுவில் இன்புட் மெத்தட் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். ஐபஸ் பிரிஃபரன்ஸில் தமிழைச் சேர்க்கும்போது தமிழ்99, ஃபொனெட்டிக் (ஆங்கில ஒலிப்படி தட்டுவது) என்று விசைப்பலகை முறைகள் எல்லாம் வரிசையாக வரும். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸும்.

அண்ணாச்சிக்குத் தமிழ்99 போட்டேன். அப்பளம் என்று அடிக்கச் சொன்னேன். அ, ப, ப, ள, ம. இரண்டாவது ப விழுந்ததும் முதல் ப-வுக்குத் தானாகப் புள்ளி வந்தது. "இதென்னடே, மந்திரமா?" என்றார். கடைசி ம-வுக்கு மட்டும் ஆங்கில எஃப் இருக்கிற சாவியைத் தட்டிப் புள்ளி வைக்க வேண்டும், அதை இன்னும் மறந்துபோகிறார். கடைப் பலகையில் "அப்பளம" என்று வராதவரை சரி.

பழைய பாமினி எழுத்தில் அடித்த ஃபைல்கள் இருந்தால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அந்த ஃபான்ட் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து நிறுவிக்கொண்டால் படிக்கலாம். புதிதாக அடிப்பதை, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடிலேயே அடியுங்கள்.

கடைசியாக மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது சிஸ்டத்தின் அன்றைய நகல், எடுத்து வையுங்கள். ஏதாவது அப்டேட் சொதப்பினால் அந்த நாளுக்கே சிஸ்டத்தைத் திருப்பிவிடலாம். அது சிஸ்டத்தை மட்டும்தான் காக்கும். கணக்கு ஃபைலுக்கு நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான்: சனிக்கிழமை கடை சாத்துமுன் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து, அண்ணாச்சி அதைக் கல்லாப்பெட்டியில் சில்லறைக்கு அடியில் போட்டுப் பூட்டுகிறார்.