வேலூர்ப் புரட்சியை வைத்து வாதக் கட்டுரை: ஒரு வாரப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'மக்களின் புரட்சி' பாடம் நடக்கும் வாரத்தையே தமிழ்க் கட்டுரைப் பயிற்சிக்கும் பயன்படுத்திக்கொள்வது நல்ல யோசனை. பாளையக்காரர் போர்கள், 1801 தென்னிந்தியப் புரட்சி, 1806 வேலூர், 1857 என்று வாதாட இடமுள்ள நிகழ்ச்சிகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் வெள்ளிக்கிழமை மேசைக்கு வந்து சேரும் நோட்டுகளைப் புரட்டினால் பாதி பாடப்புத்தகச் சுருக்கம், மீதி மேடைப்பேச்சு. வாதம் மட்டும் இருக்காது. பிள்ளைகளுக்கு எழுத வராததால் இப்படி ஆவதில்லை. திங்கள் முதல் வியாழன் வரை வகுப்பில் நடப்பதுதான் காரணம். வேலூர்ப் புரட்சியையே எடுத்துக்கொண்டு எங்கெங்கே பிசகுகிறது என்று பார்ப்போம்.

கேள்வியிலேயே கோட்டை விடுவது

"வேலூர் வீரர்களின் தியாகத்தைப் போற்றி எழுதுக" என்றால் வருவது வாழ்த்துரைதான். மறுத்துப் பேச ஆளில்லாத இடத்தில் வாதம் பிறக்காது. "வேலூர்ப் புரட்சிதான் முதல் சுதந்திரப் போரா?" என்ற கேள்வி பார்வைக்கு நன்றாக இருக்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் எதைச் சுதந்திரப் போர் என்கிறோம் என்று முதலில் வரையறுக்க வேண்டும். பூலித்தேவர் தொடங்கி 1857 புரட்சி வெடித்த மீரட் வரை எல்லாவற்றையும் ஒப்பிடவும் வேண்டும். பதின்மூன்று வயதில், ஐந்து பீரியடில் அது முடியாது. சொந்த ஊர்ப் பெருமையில் போய் முடியும். அதை மேல்வகுப்புக்கு விட்டுவிடலாம்.

வகுப்பில் எடுபடும் கேள்வி இது: "1806இல் வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழ முதன்மைக் காரணம் புதிய உடை விதிகளா, கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பமா?" இரண்டு பக்கமும் சான்று உண்டு. கம்பெனி அமைத்த விசாரணைக் குழுவே இரண்டையும் காரணமாகச் சொன்னது. ஆகவே 'இதுவா அதுவா' என்பதில் வாதம் இல்லை. எது முதன்மை என்பதில்தான் இருக்கிறது. அந்தச் சொல்லைக் கேள்வியிலிருந்து எடுத்துவிட்டால் "இரண்டுமே காரணங்கள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள்.

இன்னும் இரண்டு கேள்விகளை அடியோடு தவிர்க்கலாம். ஒன்று, "உங்களை ஆங்கிலேய அதிகாரியாகக் கற்பனை செய்து, சிப்பாய்களுக்கு அளித்த தண்டனை சரியே என வாதிடுக." பீரங்கி வாயில் கட்டிச் சுட்டதை ஒரு குழந்தையை நியாயப்படுத்த வைப்பதில் எழுத்துப்பயிற்சி ஏதும் இல்லை. மற்றொன்று, இந்து–முஸ்லிம் என்று பிரித்துக் கேட்பது. நெற்றிக்குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்று புதிய விதிகள் இரு தரப்பையும் தொட்டன. எதிர்ப்பும் இரு தரப்பிலிருந்தும் வந்தது. இல்லாத பிளவைக் கேள்வி கிளப்பக் கூடாது.

சான்றைப் பார்க்கும் முன்பே கட்சி சேர்ப்பது

நமக்குப் பட்டிமன்றப் பழக்கம் அதிகம். திங்கட்கிழமையே "இந்த வரிசை உடை, அந்த வரிசை திப்பு" என்று பிரித்துவிடுவோம். அதன்பின் பிள்ளைகள் சான்றைப் படிப்பதில்லை, தங்கள் கட்சிக்கு ஆதரவு தேடுகிறார்கள். எதிர்ப்பக்கச் சான்று கண்ணில் பட்டாலும் தாண்டிப்போய்விடுவார்கள்.

திங்களன்று யாருக்கும் பக்கம் வேண்டாம். நாற்பது நிமிடப் பீரியடில் நிகழ்ச்சியைச் சொல்லப் பதினைந்து நிமிடம் போதும். மீதி நேரம் சான்று அட்டைகளுக்கு. நாற்பது பேர் என்றால் ஐவர் வீதம் எட்டுக் குழு, குழுவுக்கு எட்டு அட்டை, அட்டைக்கு இரண்டே வரி. இரண்டு தாளில் எழுதி எட்டுப் பிரதி ஜெராக்ஸ் எடுத்து வெட்டிக்கொள்ளலாம். அட்டைகளில் இருக்க வேண்டியவை:

1. 1805 நவம்பர்: தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகைக்கு ஒப்புதல். நெற்றிக்குறிக்கும் காதணிக்கும் தடை.
2. 1806 மே: தலைப்பாகையை மறுத்த வேலூர்ச் சிப்பாய்கள் சிலருக்குச் சென்னையில் விசாரணை, கசையடி.
3. வாலாஜாபாத், ஐதராபாத் முகாம்களிலும் தலைப்பாகைக்கு எதிர்ப்பு.
4. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் குடும்பம் வேலூர்க் கோட்டையில். மைசூர் ஆட்களும் அங்கே வந்து குடியேறினர்.
5. 1806 ஜூலை 9: திப்புவின் மகள் ஒருவரின் திருமணம், கோட்டைக்குள்ளேயே. மறுநாள் விடியும் முன் புரட்சி.
6. கோட்டையில் மைசூர்ப் புலிக்கொடி ஏறியது.
7. அடக்கிய பின் தலைப்பாகை உத்தரவு கைவிடப்பட்டது. திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது.
8. ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டார்.

அட்டைகளை மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: உடைப் பக்கம், திப்பு பக்கம், இரண்டிலும் சேராதது. ஏழாவது அட்டையை எங்கே வைப்பது என்று குழுவுக்குள் சண்டை வரும். வரட்டும். எட்டாவது அட்டை வேண்டுமென்றே வைத்தது. ஆர்க்காட்டிலிருந்து குதிரைகள் பறந்துவந்த காட்சி பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். தடுக்காவிட்டால் கட்டுரையில் பாதிப்பக்கம் அதுவே ஓடும். புரட்சி எப்படி அடங்கியது என்பதைத்தான் அந்த அட்டை சொல்கிறது, ஏன் தொடங்கியது என்பதை அல்ல. சுவையான செய்திக்கும் கேள்விக்கு உதவும் செய்திக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஓர் அட்டையை வைத்தே பிடிபட வைத்துவிடலாம்.

பக்கம் எடுப்பது செவ்வாய்க்கிழமை, அதுவும் அவரவர் விருப்பப்படி. புதன்கிழமை மனம் மாறினால் மாறட்டும். ஆனால் எந்த அட்டை மாற்றியது என்று ஒரு வரி எழுதித் தரவேண்டும்.

பிரகடனத்தைக் கட்டுரைக்கு முன்மாதிரியாக்குவது

1801 ஜூனில் சின்ன மருது வெளியிட்ட திருச்சிராப்பள்ளிப் பிரகடனம், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அருமையான ஆவணம். திருச்சிக் கோட்டையில் நவாபின் மாளிகைச் சுவரிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. யாரை அழைக்கிறது, என்ன குறை சொல்கிறது, என்ன செய்யச் சொல்கிறது என்ற மூன்று கேள்விகளோடு கால் மணி நேரம் படித்தால் போதும். ஒவ்வொரு பிரிவினரையும் பெயர் சொல்லி அழைப்பதையும் ஒற்றுமையின்மையைச் சுட்டிக்காட்டுவதையும் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

"இதுபோலவே எழுதுங்கள்" என்று சொல்வதுதான் தவறு. பிரகடனம் ஆயுதம் ஏந்த அழைக்கிறது. கேட்பவரின் கோபத்தையும் மானத்தையும் தொட்டு வேலை செய்கிறது. சான்றை எடைபோட வேண்டிய தேவை அதற்கு இல்லை. வகுப்புக் கட்டுரையின் வேலையே எடைபோடுவதுதான். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் எல்லாக் கட்டுரைகளும் "மக்களே, வீறுகொண்டு எழுங்கள்!" என்று முடியும். பிரகடனத்தின் கடைசிப் பகுதியில் ஐரோப்பியருக்கு அடங்கிப்போவோரைச் சபிக்கும் கொச்சையான வரிகளும் உண்டு. முழுதும் அச்செடுத்துக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

சான்றை வைத்துவிட்டு விளக்கத்தை விடுவது

இந்த வாரத்தில் அதிக நேரம் கேட்பது இதுதான். புதன்கிழமை வரும் முதல் வரைவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும்:

"வேலூர்ப் புரட்சிக்கு உடை விதிகளே முதன்மைக் காரணம். 1805ஆம் ஆண்டு புதிய தலைப்பாகை கொண்டுவரப்பட்டது. அதில் தோல் இருந்தது. சிப்பாய்கள் கோபம் அடைந்தனர். ஆகவே உடை விதிகளே முதன்மைக் காரணம்."

எழுத்துப்பிழை இல்லை, செய்தியும் சரி. ஆனாலும் வாதம் நகரவில்லை. முதல் வரியும் கடைசி வரியும் ஒன்றுதான். 'ஆகவே' என்ற சொல் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சிப்பாய்களுக்குக் கோபம் வந்ததை யாரும் மறுக்கவில்லை. திப்புவின் குடும்பத்தைவிட இது பெரிய காரணம் என்பதற்கு என்ன ஆதாரம்? அதே மாணவர் மூன்றாவது அட்டையை எடுத்திருந்தால்:

"திப்புவின் குடும்பம் இருந்தது வேலூரில்தான். தலைப்பாகைக்கு எதிர்ப்போ வாலாஜாபாத்திலும் ஐதராபாத்திலும் எழுந்தது. அந்தக் குடும்பம் இல்லாத இடங்களிலும் சிப்பாய்கள் கொதித்தார்கள் என்றால், கோபத்துக்கு வேர் உடை விதியில்தான் இருந்திருக்க வேண்டும்."

இங்கே சான்று ஒரு வேலை செய்கிறது. எதிர்ப்பக்கம் எடுத்த பிள்ளையும் சும்மா இருக்க வேண்டியதில்லை: "மற்ற இடங்களில் எதிர்ப்போடு நின்றது, வேலூரில் மட்டும் ஏன் ஆயுதம் எடுத்தார்கள்?" என்று அதே அட்டையைத் திருப்பிப் போடலாம். ஒரே சான்று இரண்டு பக்கமும் பேசும் என்பதை வகுப்பு நேரில் பார்க்கும் இடம் இது. அவசரப்பட்டு அடுத்த பாடத்துக்குத் தாவ வேண்டாம்.

"விளக்கமாக எழுது" என்று சொல்வதால் பயனில்லை. இன்னும் நாலு செய்தி சேர்த்துக்கொண்டு வருவார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் வரைவைக் கொடுத்து, ஒவ்வொரு சான்றுக்கும் பிறகு "அதனால் என்ன?" என்று கேட்கச் சொல்லுங்கள். வாயால் வரும் பதிலை அப்படியே ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டால் அதுவே விளக்கம். பேச்சில் 'அப்படின்னா' என்று வருவதைக் கட்டுரையில் 'அப்படியென்றால்' ஆக்கினால் போதும்.

மேடைப்பேச்சு நடை

தமிழ்த் தாளின் முன்னுரை–பொருளுரை–முடிவுரைச் சட்டகம் பிள்ளைகள் கையில் ஊறிப்போயிருக்கிறது. முன்னுரையில் பாரதியார் அடி ஒன்று, முடிவுரையில் ஒரு குறள், நடுவில் உபதலைப்புகள். சட்டகத்தைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. தேர்வில் அதுதான் மதிப்பெண் தருகிறது. இந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் விதியை மாற்றுங்கள்: முதல் பத்தி இரண்டே வாக்கியம், அதில் ஒன்று தன் நிலைப்பாடு. மேற்கோள் வேண்டாம். 'வீரம் செறிந்த', 'இரத்தம் சிந்திய' போன்ற அடைமொழிகளுக்குக் கட்டுரை முழுவதிலும் ஒரு முறைதான் அனுமதி. நான்கு பத்தி, 150 முதல் 200 சொல். அதற்கு மேல் எழுதச் சொன்னால் அடைமொழிதான் பெருகும்.

எதிர்க்கருத்தை நோஞ்சானாக்கி அடிப்பது

"சிலர் திப்புவின் குடும்பம் என்பர். அது தவறு." இது மறுப்பு ஆகாது. எதிர்ப்பக்கத்தின் வலுவான அட்டையை எடுத்துத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே விதி வையுங்கள். உடைப் பக்கத்தார் புலிக்கொடியைத் தாண்டியாக வேண்டும். "கோட்டையில் புலிக்கொடி ஏறியது உண்மைதான், ஆனால் எழுந்தபின் யார் பெயரால் போரிட்டார்கள் என்பதையே அது காட்டுகிறது, எதனால் எழுந்தார்கள் என்பதை அல்ல." '…உண்மைதான்; ஆனால்…' என்ற இந்த ஒரு வாக்கிய அமைப்பைக் கரும்பலகையில் எழுதிவைத்தால் பாதி வகுப்பு பிடித்துக்கொள்ளும்.

சொன்னது யார் என்று பாராமல் விடுவது

இதில் இரண்டு கோடிகள் உண்டு. ஆங்கிலேயர் எழுதியதெல்லாம் பொய் என்று தள்ளுவது ஒன்று, அச்சில் வந்ததால் அப்படியே ஏற்பது மற்றொன்று. அன்றிரவு கொல்லப்பட்ட கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவி, குழந்தைகளோடு ஒளிந்திருந்து தப்பி, கண்டதை எழுதிவைத்தார். வீட்டுக்கு வெளியே என்ன சத்தம் கேட்டது, எப்போது கேட்டது என்பதற்கு அவர் நல்ல சாட்சி. சிப்பாய்கள் மனதில் என்ன இருந்தது என்பதற்கு அவர் சாட்சியே இல்லை. சிப்பாய்கள் சொன்னதாக நமக்குக் கிடைப்பவையோ பெரும்பாலும் அதிகாரிகளின் கேள்விகளுக்கு, தண்டனைக்குப் பயந்து சொன்ன பதில்கள். "இவருக்கு இது தெரிந்திருக்க முடியுமா?" என்ற ஒரே கேள்வி எட்டாம் வகுப்புக்குப் போதும்.

தகவல்களிலும் சில வழுக்கல்கள் உண்டு. வேலூர் 1806 ஜூலை 10. மீரட் 1857 மே 10. தேதி எண் ஒன்றாக இருப்பதால் மாதம் இடம் மாறும். தலைப்பாகை விதி வந்தபோது சென்னை மாகாணப் படைத் தலைவர் ஜான் கிரடாக், ஆளுநர் வில்லியம் பெண்டிங்க். பின்னாளில் தலைமை ஆளுநராகி 1829இல் சதி என்னும் உடன்கட்டை ஏறும் வழக்கத்தை ஒழித்த அதே பெண்டிங்க்தான். வேறொருவர் என்று எண்ணிப் பிள்ளைகள் குழம்புவார்கள். இறந்தவர் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுவதால் அதைச் சான்று அட்டையில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

திருத்துவதில் வரும் சிக்கல்

வியாழனன்று வரைவு முழுவதும் சிவப்பு மையால் நிறைந்தால், வெள்ளியன்று பிள்ளை ஒற்றுப்பிழையை மட்டும் சரிசெய்து அதே வாதத்தை அழகாகப் படியெடுத்துத் தரும். நாற்பது நோட்டு, நோட்டுக்கு நான்கு நிமிடம் என்றாலே இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகிவிடும். அதனால் வரைவில் நடுப்பத்தி ஒன்றை மட்டும் படியுங்கள். சான்றைச் சுற்றி வட்டம், விளக்கம் இல்லாத இடத்தில் கேள்விக்குறி. அவ்வளவுதான். எழுத்துப்பிழைக்கு வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.

சமூக அறிவியல் ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் தனித்தனியே மதிப்பெண் போட்டால் ஒரே கட்டுரை ஒருவரிடம் எட்டும் இன்னொருவரிடம் நாலும் வாங்கும். திங்கட்கிழமையே இருவரும் உட்கார்ந்து பிரித்துக்கொள்ளுங்கள்: இருபதில் நிலைப்பாட்டுக்கு 3, சான்றுக்கும் விளக்கத்துக்கும் 8, எதிர்க்கருத்துக்கு 4, மொழிக்கு 5. இந்தப் பங்கீட்டைப் பிள்ளைகளுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் வராத பிள்ளைக்கு எட்டு அட்டையையும் கொடுத்துப் பாடத்தை ஈடுகட்டச் சொல்ல வேண்டாம். நான்கு அட்டை, பக்கத்துக்கு இரண்டு, ஒரே ஒரு நடுப்பத்தி. அதற்கு 8 மதிப்பெண் பகுதியை மட்டும் திருத்திக் கொடுத்துவிடலாம்.