மெயில் மாற்றும்போது கனத்த இணைப்புகளை என்ன செய்வது?

மும்பை மாட்டுங்கா பக்கம் ஆடிட்டர் ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். மெயில் சேவை மாற்றிக் கொடுப்பதும் அதில் சேர்ந்தது. எழுத்து மட்டும் உள்ள மெயில் தானாகப் போய்விடும். உயிரை வாங்குவது இணைப்புகள்தான். இங்கே கட்சிக்காரர்கள் பேங்க் ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம், பில் எல்லாவற்றையும் கலரில் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப்பாகத் தள்ளிவிடுவார்கள். சப்ஜெக்ட் காலி. உள்ளே "ஏக் பார் தேக் லீஜியே" (ஒரு தடவை பார்த்துடுங்க) என்று ஒரு வரி, கீழே 22 எம்பி.

முதலில் கனமானதைப் பிரியுங்கள். ஜிமெயில் தேடல் பெட்டியின் வலது ஓரக் குறியை அழுத்தினால் சைஸ் கேட்கும். 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்து, வருவதற்கெல்லாம் 'கனம்' என்று லேபிள் போடுங்கள். புது சேவை 25 எம்பி வரை வாங்குமே, 10 எதற்கு என்று கேட்பீர்கள். மெயிலில் ஃபைல் அப்படியே போகாது. 3 பைட் 4 எழுத்தாக மாறித்தான் போகும். 20 எம்பி ஃபைல் வழியில் 27 எம்பி ஆகிவிடும். அதனால் வரம்பு ஃபைலுக்கா, மொத்த மெயிலுக்கா என்று புது சேவைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் 365 என்றால் அட்மின் நினைத்தால் 150 எம்பி வரை உயர்த்தலாம்.

அடுத்து, லேபிள். ஜிமெயிலில் ஒரே மெயிலுக்கு இரண்டு லேபிள் இருந்தால் ஐமேப் (ஒரு பெட்டியின் மெயிலை வேறு சேவையோ புரோகிராமோ படித்து எடுக்கும் வழி) அதை இரண்டு ஃபோல்டரில் காட்டும், 'ஆல் மெயில்' மூன்றாவது. அப்படியே இழுத்தால் 22 எம்பி மூன்று தடவை போகும். செட்டிங்ஸில் லேபிள்கள் பக்கம் போய், 'கனம்', 'ஆல் மெயில்' இரண்டுக்கும் 'ஷோ இன் ஐமேப்' டிக்கை எடுத்துவிடுங்கள். ஆனால் ஆர்க்கைவ் செய்து (இன்பாக்ஸிலிருந்து ஒதுக்கி), 'கனம்' தவிர வேறு லேபிளே இல்லாமல் கிடக்கும் மெயில் இந்த இரண்டையும் மறைத்தால் போகாது. அதற்கு முன்கூட்டியே 'பழசு' என்று ஒரு லேபிள் கொடுத்துவிடுங்கள்.

எல்லாரும் கோட்டை விடுவது டிரைவ் லிங்கில். 25 எம்பிக்கு மேல் இணைத்தால் ஜிமெயில் அதை டிரைவில் ஏற்றி, மெயிலில் லிங்கை மட்டும் வைக்கும். மாற்றும்போது லிங்க்தான் போகும், ஃபைல் பழைய கணக்கிலேயே இருக்கும். கணக்கை மூடினால் போச்சு. வந்த லிங்கும் அப்படித்தான்: உங்கள் பழைய முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தால் புது முகவரியில் திறக்காது. 'டிரைவ்.கூகுள்.காம்' என்பதை ஆங்கிலத்தில் தட்டித் தேடி, தேவையானதை இப்போதே இறக்கி வையுங்கள்.

வரம்பில் இடிக்கும் மெயிலில் இணைப்பை மட்டும் உருவி எடுக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. யார், எப்போது அனுப்பினார்கள் என்பதும் ஆடிட்டருக்கு ஆதாரம்தானே? மூன்று புள்ளி மெனுவில் 'டவுன்லோட் மெசேஜ்' கொடுத்தால் முழு மெயிலும் இஎம்எல் ஃபைலாக இறங்கும். கட்சிக்காரர் பெயர், நிதியாண்டு என்று ஃபோல்டர் பிரித்துப் போடுங்கள். கம்பெனிக் கணக்குகளை 8 நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது கம்பெனிச் சட்டம்.

வெள்ளிக்கிழமை ஆரம்பித்தால் திங்கள் காலை முடியுமா என்று கேட்காத ஆடிட்டர் கிடையாது. ஜிமெயிலிலிருந்து ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 2,500 எம்பிதான் எடுக்க முடியும். 12 ஜிபி இருந்தால் ஐந்து நாள் போய்விடும். செப்டம்பரில் மட்டும் தொடவே வேண்டாம். 30ஆம் தேதி டாக்ஸ் ஆடிட் கெடு.

எல்லாம் போனதும், 'கனம்' லேபிளில் உள்ள மெயில்களைப் புதுப் பெட்டியில் தேடி, பெரிய பிடிஎஃப் சிலதைக் கடைசிப் பக்கம் வரை திறந்து பாருங்கள். கூகுள் டேக்அவுட்டில் (கணக்கில் உள்ளதையெல்லாம் இறக்கித் தரும் கூகுள் வசதி) மொத்த மெயிலையும் எம்பாக்ஸாக, அதாவது எல்லா மெயிலும் அடங்கிய ஒரே ஃபைலாக எடுத்து ஹார்ட் டிஸ்கில் போட்ட பிறகே பழைய கணக்கில் கை வையுங்கள்.