சனிக்கிழமை முழுக்குக்கு முதல் பிள்ளையின்ர தோலை ஒருக்கா வடிவாப் பாருங்கோ

தொழுநோய் எண்டதும் எங்கட சனம் மட்டக்களப்பு மாந்தீவுத் தொழுநோய் ஆஸ்பத்திரியையும் அந்தக் காலத்து ஆக்களையும்தான் நினைக்கும், 1995ல இலங்கையில 10,000 பேருக்கு ஒராளுக்கும் குறைவு எண்டு வந்த பிறகு அது முடிஞ்ச கதை எண்டே விட்டிட்டினம். ஆனா இண்டைக்கும் புதுசாக் கண்டுபிடிக்கிற ஆக்களில கிட்டத்தட்டப் பத்தில ஒராள் 15 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளை. பிள்ளைக்கு வந்திருக்கெண்டா மருந்தெடுக்காத ஆள் ஆரோ கிட்ட இருக்கினம், அவைக்கே அது தெரியாமலும் இருக்கலாம்.

எங்கட அக்கான்ர மகனுக்கு முழங்கைக்கு மேல சின்னனா ஒரு வெளிர் தேமல், கடிக்கேல்லை, நோகேல்லை, அதால ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை, எட்டு மாசம் தேமல் கிறீம்தான் பூசினம். ஒருநாள் சூடான கேத்திலில கை பட்டுக் கொப்பளிச்சிருக்கு, அவனுக்குத் தெரியவே இல்லை, தொழுநோய்த் தேமலிலதான் இப்பிடி உணர்ச்சி போகும், அப்பதான் எங்களுக்கு நெஞ்சு திக்கெண்டது.

பாக்கிறதுக்கு நல்ல நேரம் சனிக்கிழமை கிணத்தடிதான், எண்ணெய் வைக்க முதல் பாருங்கோ, எண்ணெய் பட்டா தோல் மினுங்கி மங்கலான இடம் தெரியாது. வெயில் வெளிச்சத்தில முதுகு, குண்டி, துடையின்ர பின்பக்கம், கை, முகம் எல்லாம் பாக்கோணும். தேடுறது சுத்தியுள்ள தோலை விட வெளிர் இல்லாட்டிச் செம்மை நிறமான, கடிக்காத இடம், சிலநேரம் அதில வேர்வையும் வராது, மயிரும் குறைஞ்சிருக்கும். பால் மாதிரி வெள்ளையா வாற வெண்குஷ்டம் வேற, பேரில குஷ்டம் இருந்தாலும் அது தொற்றாது, தொழுநோயும் இல்லை.

சந்தேகமா ஒரு இடம் கண்டா பஞ்சை நுனி கூரா வாறமாதிரித் திரிச்செடுங்கோ, ஊசி வேண்டாம், பிள்ளை பயந்தா ஒண்டும் சரியாச் சொல்லாது. முதல் கண் திறந்திருக்க நல்ல தோலில தொட்டுக் காட்டி "தொட்ட இடத்தை விரலால காட்டு ராசா" எண்டு பழக்குங்கோ, பிறகு கண்ணை மூடச்சொல்லி நல்ல தோலிலயும் அந்த இடத்திலயும் மாறி மாறித் தொடுங்கோ, அந்த இடத்தில தொடேக்க மட்டும் சும்மா நிண்டா அடுத்த நாளே தோல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பிள்ளை தொட்ட இடத்தைச் சரியாக் காட்டினாலும் தேமல் மாறாட்டிக் கிளினிக்கில காட்டத்தான் வேணும், ஏனெண்டா முகத்தில உள்ள தேமலில உணர்ச்சி போகாமலும் இருக்கும், சின்னப் பிள்ளையள் குத்துமதிப்பாயும் காட்டுங்கள். எங்க போறதெண்டு தெரியாட்டி உங்கட பகுதி பி.எச்.ஐயை, அதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கோ.

மருந்து இலவசம். தேமல் அஞ்சு வரைக்கும் எண்டா பொதுவா 6 மாசம், அதுக்கு மேல எண்டா 12 மாசம். மூத்திரம் சிவப்பாப் போகும், தோல் கொஞ்சம் கறுக்கும், இதுக்குப் பயந்து நிப்பாட்டிப்போடாதேங்கோ. மருந்து தொடங்கினா கெதியா மற்றவைக்குத் தொற்றுறது நிண்டிடும், பள்ளிக்கூடத்தால மறிக்கவோ தட்டு கோப்பையை வேறயாக்கவோ தேவையே இல்லை, அப்பிடிச் செய்து ஒரு பிள்ளையை மூலையில இருத்தினதைக் கண்டிருக்கிறன், அந்த முகம் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. இடையில தேமல் சிவந்து வீங்கினாலோ, கைகால் நொந்தாலோ, விரல் பிடி தளர்ந்தாலோ அடுத்த கிளினிக் மட்டும் பாத்துக்கொண்டிருக்காம உடன போங்கோ, நரம்பு போனாத் திருப்பி எடுக்கிறது கஷ்டம்.

பிள்ளைக்கு மருந்து தொடங்கின கிழமையே அம்மம்மா, சித்தப்பா, அறையில கூடப் படுக்கிற ஆக்கள், பக்கத்து வீட்டில ஒண்டா இருக்கிறவை எல்லாரையும் காட்டோணும். கனபேர் வெக்கத்தில ஒளிக்கிறது இங்கதான். எங்கட வீட்டில அப்பப்பாவுக்கு முதுகில இருந்தது அப்பதான் தெரிஞ்சுது, பாவம், முதுகை ஆர் பாக்கிறது. நோய் இல்லையெண்டு பாத்த ஆக்களுக்கு, 2 வயசுக்கு மேற்பட்ட பிள்ளையளுக்கும் சேத்து, ரிஃபாம்பிசின் எண்ட மருந்தை ஒரே ஒரு தரம் குடுக்கிற முறையும் இருக்கு, வாற சந்தர்ப்பத்தை அது பாதியளவு குறைக்கும், கிளினிக்கில கேளுங்கோ. கிருமி உள்ள போய் வெளியில தெரிய அஞ்சு வருசமும் எடுக்கும், அதுக்கு மேலயும் எடுக்கும், அதால இண்டைக்கு ஒண்டுமில்லை எண்ட பிள்ளையளையும் வருசா வருசம் கிணத்தடியில நிப்பாட்டிப் பாருங்கோ.