வீட்டில் கட்டிய கிட் காரின் ஸ்டீயரிங்: டோவைக் கடைசியில் தொடுங்கள்

நேர் ரோட்டில் போகும்போது ஒரு பக்கம் இழுக்கும், சின்ன மேட்டில் ஏறினால் ஸ்டீயரிங் கையில் ஒரு வெட்டு வெட்டும், திருப்பம் முடிந்த பிறகும் சக்கரம் தானாக நேராகாது. கராஜில் கட்டிய காரை முதல் தடவை ஓட்டினால் இதில் ஒன்றாவது இருக்கும். உடனே எல்லோரும் டை ராடின் (ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டு) லாக் நட்டைத் தளர்த்தி டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை, திருகிப் பார்ப்போம். நானும் அதைத்தான் செய்தேன், இரண்டு வார இறுதி வீணானதுதான் மிச்சம்.

நான் சொல்வது, 1957-ல் வந்த லோட்டஸ் செவன் மாதிரியில் பிரிட்டனில் ஆட்கள் வீட்டிலேயே கட்டும் கார்களைப் பற்றி. சதுரக் குழாய் சேஸிஸ், முன்னால் இரட்டை விஷ்போன் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் மேல், கீழ் கைகள்), ஒரு பழைய ஃபோர்டின் ராக் (ஸ்டீயரிங்கின் திருப்பத்தை இடவலமாக நகர்த்தி டை ராடுக்குக் கொடுக்கும் பல்சட்டம்), இன்னொரு பழைய ஃபோர்டின் அப்ரைட் (சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டு). வம்பு இந்தக் கலப்பில்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்த ராக் உங்கள் விஷ்போனுக்காகச் செய்யப்பட்டதே இல்லை.

முதலில் ஆட்டம் பாருங்கள். ஒருவரை உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்கச் சொல்லி, நீங்கள் கீழே படுத்து ராக் மவுன்ட், பால் ஜாயின்ட், வீல் பேரிங் எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ராக்கே சேஸிஸில் நகர்ந்தால் மற்ற அளவெல்லாம் பொய். அப்புறம் டயர் காற்றைச் சரிபார்த்து, டிரைவர் சீட்டில் உங்கள் எடைக்கு மணல் மூட்டை வைத்து, காரின் நிற்கும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பம்ப் ஸ்டீர், அதாவது சக்கரம் மேலும் கீழும் போகும்போது தானாகத் திரும்புவது. ஸ்டாண்டில் காரை நிறுத்தி, ஸ்பிரிங்கோடு டேம்பரை (ஷாக் அப்சார்பர்) கழற்றி, ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டிவிடுங்கள். சக்கரம் பூட்டும் ஹப்பில் 600 மிமீ நீளப் பலகை ஒன்றைப் போல்ட் செய்து, அதற்கு இணையாக இன்னொரு பலகையைத் தரையில் செங்குத்தாக நிறுத்துங்கள். ஜாக்கியால் 10 மிமீ 10 மிமீயாக ஹப்பைத் தூக்கி, நிற்கும் உயரத்துக்கு மேலே 50, கீழே 50 வரை, பலகையின் முன்முனையிலும் பின்முனையிலும் இடைவெளியை அளந்து எழுதுங்கள். இரண்டும் ஒரே அளவு மாறினால் கவலை இல்லை, அது சக்கரம் பக்கவாட்டில் நகர்வது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாறினால்தான் பம்ப் ஸ்டீர். லேசர் ஒன்றை ஹப்பில் கட்டிச் சுவரில் புள்ளியைப் பார்ப்பவர்களும் உண்டு, ஆனால் அதில் இந்த இரண்டும் கலந்துவிடும்.

அந்த எண்கள்தான் நோயைச் சொல்லும். ராக் முன்சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கும் கார் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே திரும்பினால் டோ-இன், வெளியே திரும்பினால் டோ-அவுட். மேலே போகும்போது டோ-அவுட், கீழே போகும்போது டோ-இன் என்று எதிரெதிராக வந்தால் உயரம் தப்பு: டை ராடின் வெளிமுனை தாழ்ந்திருக்கிறது அல்லது ராக் உயர்ந்திருக்கிறது. இதுவே தலைகீழாக வந்தால் காரணமும் தலைகீழ். மேலே போனாலும் கீழே போனாலும் டோ-இன்தான் என்றால் டை ராட் குட்டை, அதாவது ராக் அகலம் அதிகம். இரண்டிலும் டோ-அவுட் என்றால் ராக் குறுகல். ராக் அச்சுக்குப் பின்னால் இருந்தால் இன், அவுட் இரண்டையும் மாற்றிப் படியுங்கள்.

என்னுடையதில் 50 மிமீ தூக்கினால் 4 மிமீ டோ-அவுட், இறக்கினால் கிட்டத்தட்ட அதே அளவு டோ-இன். ராக் பிராக்கெட்டை அறுத்து 8 மிமீ இறக்கி வெல்ட் செய்ததும் அரை மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டது. ராக் அகலம்தான் தப்பு என்றால் வேறு ராக்தான் வழி. டை ராடைத் திருகி நீட்டினால் டோ மட்டும்தான் மாறும். ஸ்டீயரிங் ஆர்மைச் சூடாக்கி வளைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், சூட்டில் அந்த இரும்பின் பலம் போய்விடும்.

சக்கரம் தானாக நேராகவில்லை என்றால் காஸ்டரைப் பாருங்கள், அதாவது பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னுக்குச் சாய்ந்திருக்கும் கோணம். கனமான காருக்குச் செய்த அளவு, 500, 600 கிலோ காருக்குப் போதாது. பிரிட்டனில் வீட்டில் கட்டிய காரை ரோட்டில் ஓட்ட அனுமதிக்கும் முன் செய்யும் ஐவிஏ சோதனையில், சக்கரம் தானாக நேராகிறதா என்பதையும் பார்க்கிறார்கள். இரண்டு டைல்களின் வழவழப்பான பக்கங்களுக்கு நடுவில் கிரீஸ் தடவி, ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் அடியில் ஒரு ஜோடி வையுங்கள், சக்கரம் லேசாகத் திரும்பும். வெளியே 20 டிகிரி, உள்ளே 20 டிகிரி திருப்பி, இரண்டு இடத்திலும் போனின் மட்டமானியால் கேம்பரை (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) அளந்து, வித்தியாசத்தை 1.5-ஆல் பெருக்கினால் காஸ்டர் வந்துவிடும். நான் 5 முதல் 6 டிகிரி வைப்பேன். குறைந்தால் மேல் விஷ்போன் புஷ்ஷின் வாஷர்களை முன்பக்கம் மாற்றிப் போட்டு, மேல் பால் ஜாயின்ட்டைப் பின்னுக்குத் தள்ளுங்கள். இதில் பம்ப் ஸ்டீரும் கொஞ்சம் மாறும், அதனால் மறுபடி ஒருமுறை அளக்கவேண்டும். எரிச்சல்தான், வேறு வழியில்லை.

கேம்பரையும் முடித்த பிறகுதான் டோ. காரின் இரு பக்கமும் நடுக்கோட்டுக்கு இணையாக நூல் கட்டி, ரிம்மின் முன்னும் பின்னும் அளந்து, மொத்தம் 1 முதல் 2 மிமீ டோ-இன் வையுங்கள். இரு பக்க டை ராடையும் சமமாகத் திருகுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்கும். டை ராடின் முனையில் உள்ள ராட் எண்டின் மரை, தன் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்காவது உள்ளே போயிருக்கவேண்டும். லாக் நட்டை இறுக்கிப் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், 50 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அது நகர்ந்ததா என்று குனிந்த உடனே தெரிந்துவிடும்.