பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை இணையத்தில் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், எங்கள் தலைமுறை செய்த அதே தப்புகளைத்தான் செய்கிறார்கள். ஆன்டிவைரஸ், பாஸ்வேர்ட் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதை விட்டுவிடுகிறேன்.

3389-ஐத் திறந்துவிடுவது

முதலாளி வீட்டிலிருந்தே டாலி பார்க்க வேண்டும் என்பார். பையன் ரவுட்டருக்குள் போய், ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்திலிருந்தே ஒரு மெஷினை இயக்கும் வசதி) பயன்படுத்தும் 3389 போர்ட்டை, அதாவது அந்த எண்ணுள்ள நெட்வொர்க் வாசலை, விண்டோஸ் 7 மெஷினுக்குத் திருப்பிவிடுவான். ஐந்து நிமிட வேலைதான், முதலாளிக்கும் திருப்தி. ஆனால் அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் அந்த மெஷினின் லாகின் திரைவரை வரலாம். திறந்த போர்ட்டைத் தேடும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. சின்ன கம்பெனி, பெரிய கம்பெனி என்றெல்லாம் அவை பார்ப்பதில்லை.

"நம்பரை 3390-னு மாத்திட்டேன் சார்" என்பார்கள். இதைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வரும். போர்ட் தேடும் அந்த நிரல் எல்லா எண்ணையும் தட்டிப் பார்க்கும். பாஸ்வேர்ட் பலமாக இருந்தாலும் போதாது. ரிமோட் டெஸ்க்டாப்பில் 2019 மே மாதம் தெரியவந்த புளூகீப் என்ற ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை. எக்ஸ்பி, விண்டோஸ் 7, சர்வர் 2008 எல்லாம் அதில் மாட்டின. 2014-லேயே கைவிட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) கொடுத்தது என்றால், ஆபத்து எவ்வளவு என்று பாருங்கள்.

ஒரு நூல் மில்லில் இப்படித் திறந்த வழியாக ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்து, கணக்கு ஃபைல் மொத்தத்தையும் பூட்டிவிட்டது. பேக்கப் ஹார்ட் டிஸ்க் எப்போதும் அதே மெஷினில் செருகியே இருந்ததால் அதுவும் போயிற்று. ஆடிட்டரிடம் இருந்த பழைய காப்பியை வாங்கி, பில் புத்தகங்களைப் புரட்டி, அக்கவுன்டன்ட் அம்மா ஒவ்வொரு என்ட்ரியாகத் திரும்பப் போட்டார். போர்ட்டைத் திறந்தவர் போனையே எடுக்கவில்லை.

முதலில் விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை), அதற்குள்தான் ரிமோட் டெஸ்க்டாப். விபிஎன்னைப் பழைய மெஷினில் போடாதீர்கள். ரவுட்டரிலோ தனிப் பெட்டியிலோ வையுங்கள். பேக்கப் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

எல்லா மெஷினும் ஒரே நெட்வொர்க்கில்

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் பகிரும் முறை) முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக மெஷின் மெஷினாகத் தாவியது. விண்டோஸ் 7-க்கான பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தும் பலர் போடவில்லை. ஃபைல் பகிர எக்ஸ்பிக்கு அந்தப் பதிப்பை விட்டால் வேறு தெரியாது. ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய மென்பொருளில் ஓடும் பில்லிங்குக்காக எக்ஸ்பியை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தனி விலானில் (நெட்வொர்க்கில் பிரித்து வைத்த பகுதி) அடைத்து, இணையத்தை முழுக்க வெட்டிவிடுங்கள்.

டெல்நெட்

வேண்டாம். தூரத்து மெஷினுக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் இந்தப் பழைய முறையில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் அப்படியே போகும்.

ரவுட்டரில் யுபிஎன்பி

அணைத்துவிடுங்கள். அது இருந்தால் சிசிடிவி டிவிஆர்கூட உங்களைக் கேட்காமல் போர்ட் திறந்துகொள்ளும்.