பழைய சிரிப்புப் படத்தை வேறு நடிகரை வைத்து எடுக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் குறும்படம் எடுக்க வரும் இளையவர்கள் பழைய அடி உதைச் சிரிப்புப் படங்களை மறுபடி எடுக்க ஆசைப்படுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வசனம் குறைவு, ஒரு வீட்டுக்குள்ளேயே முடித்துவிடலாம், சிரிப்பு வந்ததா இல்லையா என்பதும் உடனே தெரிந்துவிடும். தொழில் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு புதுக் குழுவும் நாங்கள் ஆரம்பத்தில் விழுந்த அதே குழியில்தான் விழுகிறது. பேட்டரி சார்ஜ் பண்ண மறப்பது, வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்காமல் போவது எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தானாகவே திருந்திவிடும்.

பழைய நடிகரைப் புதியவருக்குள் திணிப்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும் தவறு இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

திரீ ஸ்டூஜஸ் என்ற அமெரிக்கச் சிரிப்பு நடிகர் மூவர் குழு கொலம்பியா படநிறுவனத்துக்காக 1940இல் நடித்த ‘எ பிளம்மிங் வி வில் கோ’ என்ற குறும்படத்தை எடுத்துக்கொள்வோம். வேலை தெரியாத மூன்று பேர் பெரிய வீடொன்றுக்குள் பிளம்பர்களாக நுழைந்துவிடுகிறார்கள். தண்ணீர்க் குழாயையும் மின்வயர் போகும் குழாயையும் மாற்றிப் பூட்ட, குசினி அடுப்பிலிருந்தும் மின்குமிழிலிருந்தும் தண்ணீர் கொட்டுகிறது. குளியலறையில் மூவரில் ஒருவரான கேர்லி ஒழுக்கை நிறுத்துகிறேன் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் குழாயைப் பூட்டி, கடைசியில் தன்னைச் சுற்றியே கூண்டு கட்டிக்கொள்கிறார்.

இதே கதையை அதே நிறுவனம் 1944இல் ஷெம்ப் ஹாவர்ட், எல் பிரெண்டல் இருவரையும் வைத்து எடுத்தது. 1949இல் ‘வேகபாண்ட் லோஃபர்ஸ்’ என்ற பெயரில் ஸ்டூஜஸ் குழுவே மறுபடி எடுத்தது. கேர்லி இருந்த இடத்தில் இப்போது அவருடைய அண்ணன் ஷெம்ப். குழாய்க் கூண்டு இதிலும் உண்டு. ஆனால் கேர்லி குழந்தை மாதிரி, குழாயோடு கோபித்துக்கொண்டு கீச்சிடுபவர். ஷெம்ப் முகத்தில் விழும் தலைமயிரோடு முணுமுணுத்துக் கவலைப்படுபவர். கூண்டு ஒன்று, அதற்குள் இருக்கும் ஆள் வேறு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டில் இந்தக் குழாய்க் காட்சியை ஒரு குழு எடுத்தது. ஒலிப்பதிவுக்கு நான் போயிருந்தேன். நாயகனாக நடித்தவர் நெட்டையான, மெலிந்த, அதிகம் பேசாத பெடியன். இயக்குநர் கைபேசியில் கேர்லியின் காட்சியை ஓட்டிக் காட்டி, “அப்படியே இதைச் செய் தம்பி” என்றார். அவனும் கன்னத்தில் அடித்துக்கொண்டான், கீச்சிட்டான், தரையில் சாய்ந்து தோளை ஊன்றிச் சுற்றினான். சீமெந்துத் தரையில் தோள் உரிந்ததுதான் மிச்சம். ஒருவரும் சிரிக்கவில்லை.

பி.வி.சி. எல்போவை, அதாவது குழாயை வளைத்துப் பூட்டும் மூட்டை, பசை பூசி ஒட்டிவிட்டால் திரும்பக் கழற்ற முடியாது, வெட்டித்தான் எறிய வேண்டும். காட்சியைத் திரும்ப எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஹாட்வெயார் கடைக்கு ஓட்டம். காசு அப்படித்தான் கரைந்தது.

பிறகு தேத்தண்ணி வந்தது. எல்லோரும் வெளியே நிற்க, அவன் மட்டும் உள்ளே இருந்தான். ஒரு மூட்டிலிருந்து தண்ணீர் பீச்சத் தொடங்கியது. அவன் ஒரு விரலால் அதை அடைத்தான். மற்றக் கையில் கோப்பை. யாராவது பார்க்கிறார்களா என்று மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். பக்கத்து மூட்டும் பீச்சியது. அதை முழங்கையால் அடைத்தான். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் ஒரு மிடறு குடித்தான். வாசலில் நின்று பார்த்த எல்லோருக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பு.

“இப்ப அவன் செய்ததைப் பாத்தனீங்களா தம்பி? அதை எடுங்கோ” என்றேன்.

“அது ஒறிஜினல் படத்தில இல்லையே அண்ணை.”

இந்தப் பதிலைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது நிலைமையை: வேலை தெரியாதவன், நிற்காத தண்ணீர், யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம். அதற்குள் ஆள் எப்படித் தவிக்கிறான் என்பது புது நடிகரின் உடம்பிலிருந்தும் சுபாவத்திலிருந்தும் வர வேண்டும். கதை எழுத முன்னர் அவரிடம் ஒரு வாளியும் ஒழுகும் குழாயும் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று பாருங்கள். பயந்தால் உறைகிறாரா, பேசித் தள்ளுகிறாரா, ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கிறாரா? அதைக் கண்டுபிடித்த பிறகு எழுதுங்கள்.

கூண்டையும் மாற்றத்தான் வேண்டும். மெலிந்தவர் அதற்குள் நின்றால், பார்ப்பவர் ‘நழுவி வரலாமே’ என்று நினைப்பார். சரி, நழுவி வரட்டும். வந்த பிறகு ஸ்பேனர் உள்ளே கிடப்பது தெரியட்டும். திரும்ப உள்ளே போகட்டும்.

நெருக்கக் காட்சியாக வெட்டித் தள்ளுவது

வழுக்குவது காலில் நடக்கிறது. நீங்களோ முகத்தைக் காட்டுகிறீர்கள். காலும் தலையும் கமராவின் ஒரே சட்டத்துக்குள் இருக்கட்டும். எங்கள் ஊர்க் குளியலறைகள் சின்னவை, அதனால் கதவைக் கழற்றிவிட்டுக் கமராவை நடைபாதையில் வையுங்கள்.

பொருளை மாற்றத் தயங்குவது

லாரலும் ஹார்டியும் 1927இல் ‘ஹேட்ஸ் ஆஃப்’ படத்தில் படிக்கட்டு வழியே சலவை இயந்திரம் தூக்கினார்கள். 1932இல் அதையே ‘தி மியூசிக் பாக்ஸ்’ என்று திரும்ப எடுத்தபோது பியானோ வந்தது. ஆஸ்கர் விருதும் வந்தது. பியானோ உருளும்போது தானே சத்தம் போடும், அதுவே பாதிச் சிரிப்பு. இங்கே பியானோ தேடி அலைய வேண்டாம். உள்ளே சில்வர் சாமான் அடுக்கிய இரும்பு அலுமாரி போதும்.

அலுமாரி தூக்கக் கோணேசர் கோயில் ஏற்றத்தைத் தேர்வது

வேண்டாம். கும்பிட வருபவர்களின் பாதை அது.

தண்ணீரோடு மின்சாரம்

மெயின் சுவிட்சை இறக்குங்கள். வெளிச்சம் பேட்டரி விளக்கிலிருந்து வரட்டும். மின்குமிழிலிருந்து தண்ணீர் வர வேண்டுமென்றால், எந்த இணைப்பும் இல்லாத வெற்றுக் குமிழுக்குப் பின்னால் மெல்லிய டியூப் ஒன்றை விடுங்கள். இதில் ‘ஒரு நிமிசம்தானே’ என்ற பேச்சே கூடாது.

கச்சான் காற்றில் ஒலி எடுப்பது

அடி, விழுகை, வாளிச் சத்தம் எல்லாவற்றையும் பிறகு அறைக்குள் எடுங்கள்.

பழைய படத்தின் துண்டை ஒட்டுவது

1949இல் வந்த ‘வேகபாண்ட் லோஃபர்ஸ்’ படத்தில் சமையற்காரராக வரும் டட்லி டிக்கர்சனின் 1940ஆம் ஆண்டுக் காட்சிகளைத் திரும்பப் பயன்படுத்தினார்கள். 1956இல் இதே பிளம்பர் கதை இன்னொரு தடவை வந்தபோது ஷெம்ப் உயிரோடில்லை. அவருடைய பழைய காட்சிகளை ஒட்டி, மிச்சத்துக்கு ஜோ பால்மா என்பவரை முகம் தெரியாமல் நிற்க வைத்தார்கள். படங்கள் கொலம்பியாவின் சொந்தச் சொத்து. உங்களுக்கு அந்த உரிமை கிடையாது.

நாயகனின் காட்சியைக் கடைசிக்கு வைப்பது

1946இல் ‘ஹாஃப்-விட்ஸ் ஹாலிடே’ படப்பிடிப்பின்போது கேர்லிக்குப் பக்கவாதம் வந்தது. படத்தின் உச்சமான பை எறியும் சண்டை அவர் இல்லாமலேயே எடுக்கப்பட்டது. உங்கள் நடிகர் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விடலாம், காய்ச்சலில் படுக்கலாம். அவர் இல்லாமல் முடியாத பெரிய காட்சியை முதல் நாளே எடுத்துவிடுங்கள். வீட்டுக்காரர் வருவது, அயலவர் எட்டிப் பார்ப்பது எல்லாம் இரண்டாம் நாளுக்கு இருக்கட்டும்.